தைலம்மை ஏறிய மேடு

கல்யாண நாளுக்கு மனைவி செல்வநாயகிக்குச் சைக்கிள் வாங்கி வந்த பசுபதி, வாசலில் அதை நிறுத்தியதுமே மாட்டிக்கொண்டான்.

"யாருங்க இந்தத் தைலம்மை?"

கைப்பிடிக்குக் கீழே அந்தப் பெயர் பளிச்சென்று தெரிந்தது. பழைய பாத்திரத்தை உருக்கி எதைச் செய்தாலும், பாத்திரத்தில் வெட்டியிருந்த பெயரைப் புதுப் பொருளிலும் பொறித்தாக வேண்டும் என்பது விதி. கடையில் அவன் நிறத்தைப் பார்த்தானே தவிர, பெயரைப் பார்க்கவில்லை.

"முன்னாடி இது குடமா இருந்துச்சாம் நாயகி. வேணும்னா அந்தப் பேருக்கு நேரா போனைக் காட்டிப் பாரு."

காட்டினாள். ஒரு எவர்சில்வர் குடத்தின் படம் வந்தது. அதன் கீழே, 'குடும்பத்தாரோடு பேச' என்று ஒரு பொத்தான். விடுவாளா? அழுத்திவிட்டாள்.

காரைக்குடியிலிருந்து ஒரு பெரியவர் எடுத்தார். செல்வநாயகி விஷயத்தைச் சொன்னாள்.

"எங்க ஆத்தாளோட சீர்க்குடம் தாயி அது. தண்ணி தூக்கித் தூக்கியே தேஞ்சு போச்சு, பாவம். இப்பச் சைக்கிளா ஆயிருச்சா?" என்று சிரித்தார். "ஓட்டுங்க, நல்லா ஓட்டுங்க. மேடு வந்தா மட்டும் இறங்கித் தள்ளிக்கம்மா. ஆத்தாளுக்கு முழங்கால் வலி."

சாயங்காலம் அவள் புதுச் சைக்கிளிலும் அவன் தன் பழைய சைக்கிளிலுமாகக் கிளம்பினார்கள். தெருமுனை மேட்டில் செல்வநாயகி இறங்கித் தள்ளத் தொடங்கினாள்.

"இந்தச் சின்ன மேட்டுக்கா? ஏறி மிதி நாயகி!"

"உங்களுக்கென்னங்க, சொல்லுவீங்க. முழங்கால் வலி உங்களுக்கா?"