இறந்தவர் என்று போடு

“இந்தப் பேரை யாரைக் கேட்டும்மா உள்ள சேர்த்தே?”

மாமனாரின் விரல் கணினித் திரையைத் தொடாமல் சற்றுத் தள்ளி நின்றது. மருமகள் எட்டிப் பார்த்தாள். அவருடைய கடைசித் தங்கையின் பெயர்.

“உங்க கூடப் பிறந்தவங்கதானே, மாமா.”

“பிறந்தவதான். தானா ஒருத்தனைப் பார்த்துக் கட்டிக்கிட்டுப் போனா. அன்னைக்கே எங்க அப்பா அவளைத் தலைமுழுகிட்டாரு. ‘நமக்கு அவ செத்தாச்சு’ன்னு சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னால சொன்னாரு. மூத்தவன் நான், பக்கத்துல நின்னு ஆமான்னேன். சொன்ன வார்த்தையை இதுவரைக்கும் நான் மாத்தினதில்ல.”

அது உண்மைதான். அந்தக் குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

குடும்ப வரலாற்றை இணையத்தில் ஏற்றும் வேலை மருமகளுடையது, சரிபார்ப்பது அவருடையது. சாப்பாட்டு மேசையை ஸ்கேனர் பிடித்துக்கொண்டதால் வீட்டில் எல்லாரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். பிஸ்கட் டப்பாவிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடந்த படங்களைக் கிளைவாரியாகப் பிரித்து, சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டவற்றைப் பதமாகப் பெயர்த்து, யார் யார் என்று எழுதி அவள் நீட்டுவாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பார். அவருடைய சித்தப்பா ஒருவருக்கு மூன்று பிறந்த வருடங்கள் கிடைத்தன.

“பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு, உத்தியோகத்துக்கு ஒண்ணு, பொண்ணு பார்க்கப் போனப்ப ஒண்ணு. கடைசியைத் தவிர எதை வேணும்னாலும் போடு” என்று தீர்ப்புச் சொன்னவர் அவர்.

அன்று சாயங்காலம் பக்கத்தை உறவினர் எல்லாருக்கும் திறந்துவிடுவதாக ஏற்பாடு. அதற்குள் இந்தப் பெயர்.

“சின்ன அத்தையோட பொண்ணு போன்ல பேசினா, மாமா” என்று மருமகள் மெல்ல ஆரம்பித்தாள். “போன வருஷம் அவங்க வீட்டுக்காரர் தவறிட்டாரு. அதுக்கப்புறம் அத்தை ஒரே ஒரு விஷயம்தான் கேக்கிறாங்களாம். ‘எங்க வீட்டு வரலாறு எழுதுறாங்களாமே, அதுல நான் இருப்பேனா’ன்னு. இருப்பாங்கன்னு சொல்லிட்டேன்.”

“என்னைக் கேக்காம வாக்குக் கொடுத்துட்டே.”

“கேட்டா வேண்டாம்னுதானே சொல்லியிருப்பீங்க.”

அவர் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினார்.

“சரி. பேர் இருக்கட்டும். ஆனா இறந்தவர்னு போடு.”

“மாமா, அவங்க நல்லா நடமாடிக்கிட்டு இருக்காங்க.”

“எங்கேயோ நடமாடட்டும். இந்த வீட்டுக்கு அவ இல்ல. ஒண்ணு இறந்தவர்னு போடு, இல்ல பேரை எடு.”

பெயரே இல்லாமல் போவதற்கு இது மேல் என்று மருமகள் தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, ‘இறந்தவர்’ என்ற கட்டத்தில் குறியிட்டாள்.

“தேதி கேக்குது.”

“அவ கல்யாணத் தேதியைப் போடு.”

போட்டாள். திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தன.

“தாய் இறந்த பிறகு பிள்ளைங்க பிறக்க முடியாதுன்னு சொல்லுது. இவங்களுக்கு ரெண்டு பிறந்திருக்கே, மாமா.”

“நம்ம வீட்டு விவகாரம் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? தேதி தெரியாதுன்னு கீழ ஒரு கட்டம் இருக்கு பாரு, அதை அமுக்கு.”

“அவங்க வீட்டுக்காரர் பேரு?”

“பக்கத்துல போடு. அவர் நிஜமாவே போயிட்டாரு, அதுல என்ன.”

“படம்? குரூப் போட்டோவுல அத்தை தலையை ஆட்டியிருக்காங்க. கலங்கலாத்தான் விழுந்திருக்கு.”

“அது வேண்டாம். செத்தவளா இருந்தாலும் இந்த வீட்டுப் பொண்ணு. கோணல்மாணலா வெச்சா நமக்குத்தான் கௌரவக் குறைச்சல். ஸ்டூடியோவுல தனியா உட்கார்ந்து எடுத்தது இருக்கும், அதைத் தேடி வை.”

தேடி வைத்தாள்.

சாயங்காலம் பக்கம் திறந்தது. கையிலிருந்த காபி ஆறுவதற்குள் அவர் தம்பியிடமிருந்து அழைப்பு. மருமகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னண்ணா கூத்து இது? உன்னைத் தேடினா ஒரு சாம்பல் நிறக் கட்டம். என்னைத் தேடினாலும் அதே கட்டம். பேரும் இல்ல, படமும் இல்ல. நம்ம வரிசையில ஜம்முனு உட்கார்ந்திருக்கிறது அவ ஒருத்திதான், அதுவும் புருஷனோட. செத்தவ பளிச்சுன்னு இருக்கா, உயிரோட இருக்கிற நாம பேய் மாதிரி நிக்கிறோம்.”

“பார்க்கிறேன்டா” என்று அவர் இணைப்பைத் துண்டித்தார்.

மருமகள் எதையெதையோ அழுத்திப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இந்தத் தளத்துல விதியே அப்படியாம், மாமா. உயிரோட இருக்கிறவங்க விவரத்தை யாருக்கும் காட்டாது, மறைச்சிடும். இறந்தவங்களைத்தான் எல்லாருக்கும் காட்டும். எனக்கு இப்பத்தான் தெரியுது.” அவள் குரல் தாழ்ந்தது. “அத்தையை உயிரோட இருக்கிறவங்கன்னு மாத்தினா அவங்களும் மறைஞ்சிடுவாங்க. சின்ன மாமா வேற கோபமா இருக்காரு. மாத்திடட்டுமா?”

“கையை எடும்மா” என்றார் அவர். “அவ பேரை நீ சேர்த்ததை நேத்தே பார்த்துட்டேன், அந்த விதியையும் ஒரு வரி விடாமப் படிச்சுட்டுத்தான் இன்னைக்கு இறந்தவர்னு போடச் சொன்னேன்.”