சந்துரு செருகிவிட்டுப் போனது

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

துர்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் வேகம் பிடித்தால் கணினியையும் தூக்கிக்கொண்டு உழவர்கரைக்கு மேலே பறந்துவிடும் போலிருந்தது.

வாசலில் வஞ்சரம் ஏற்றிய வண்டி நின்றது. பெங்களூருக்குப் போக வேண்டியது. பில் இல்லாமல் கிளம்ப முடியாது. டிரைவர் கலியபெருமாள் அடித்த ஹாரனில் ஐஸுக்குள் கிடந்த மீன்களே எழுந்து வழி விட்டிருக்கும்.

பில் போடும் பொத்தானை அழுத்தினால் வட்டம்தான் வரும். தினமும் இதே கூத்து. ஒரு நாள் காலையில், ஒரு நாள் மத்தியானம், ஒரு நாள் சாயங்காலம். ஒன்றரை மணி நேரம் சண்டித்தனம் செய்துவிட்டுத் தானாகவே நல்ல பிள்ளையாகிவிடும்.

காசு கொடுத்து வாங்காத சாஃப்ட்வேர் அது. உலகத்தில் பாதிப் பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டது. அதன்மேல் அவரவர் தேவைக்கு ஆட்-ஆன் எழுதிச் செருகிக்கொள்ளலாம். இந்த மீன் கம்பெனியில் இதுவரை செருகியதை வரிசையாக நிற்க வைத்தால் முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வரைக்கும் போகும்.

அத்தனையையும் கட்டி மேய்ப்பதுதான் துர்காவின் வேலை. இன்று சாயங்காலம் வரைக்குமாவது.

"இன்னிக்கும் நின்னுச்சுன்னா, காசு குடுத்து வேற வாங்கிடுவேன். ஒனக்கும் இங்க வேலை இருக்காதும்மா, பாத்துக்க."

காலையில் முதலாளி தெய்வசிகாமணி சொன்னது. மெதுவாகத்தான் சொன்னார். கடற்கரையில் காந்தி சிலை மட்டும் ஓர் அடி பின்னால் நகர்ந்திருக்கலாம்.

அவளும் இணையத்தில் கேட்காத ஆள் இல்லை. பிரேசில்காரர் மெமரி போதாது என்றார். போலந்துக்காரர் வயரைக் கழற்றி மாட்டச் சொன்னார். ஜெர்மனிக்காரர் எழுதியதைப் படித்தால், வேறு தொழில் பார் என்று நாசூக்காகச் சொல்வதுபோல் இருந்தது.

ஒவ்வொரு ஆட்-ஆனாக நிறுத்திப் பார்த்தாள். வட்டம் அசரவில்லை. கடைசியில் அவள் தொடாமல் விட்டது ஒன்றே ஒன்று.

பெயர், சந்துரு-1. இதே நாற்காலியில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சந்திரமோகன் எழுதியது. அவன் இப்போது பிரான்சில் இருக்கிறான். என்ன செய்யும் ஆட்-ஆன் என்று விளக்கம் எழுத வேண்டிய இடத்தில் அவன் எழுதி வைத்தது இவ்வளவுதான்: 'எடுக்க வேண்டாம். ப்ளீஸ்.'

எடுக்க அவளுக்கும் பயம். போன மாதம் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் ஓர் ஆட்-ஆனை வேண்டாமென்று எடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டிருந்த இன்னொன்று விழுந்தது, அதைப் பிடித்திருந்த வேறொன்று சரிந்தது, கடைசியில் கிடங்கிலிருந்த மீன் மொத்தமும் கணினியில் செத்துப்போனது. ஏற்கெனவே செத்த மீன்தான், இருந்தாலும் முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. பழையபடி கொண்டுவந்து சேர்ப்பதற்குள் துர்கா இளைத்த இளைப்பில் வளையல் தானாகக் கழன்று விழுந்தது.

ஹாரன் மறுபடி அலறியது. நாற்காலிக்குப் பின்னால் முதலாளி வந்து நின்றார். அவர் மூச்சு அவள் கழுத்தில் அனலாகப் பட்டது.

எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டாள். சந்துரு-1ஐத் தொட்டாள். நிச்சயமாக எடுத்துவிடவா என்று கேட்டது. ஆம் என்றாள்.

திரை வெள்ளையானது.

மணக்குள விநாயகருக்கு ஒரு தேங்காய் என்றுதான் வேண்ட ஆரம்பித்தாள். திரை வெள்ளையாகவே இருக்க, பத்தாக்கினாள். பிறகு தோப்போடு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

திரை திரும்பி வந்தது. மீன்கள் இருந்தன. கணக்கு இருந்தது.

பில் பொத்தானை அழுத்தினாள். வட்டமே இல்லை. பிரிண்டர் சிலிர்த்துக்கொண்டு பில்லைத் துப்பியது.

முதலாளி அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினார். எந்த பில்லானாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்ப்பது அவர் பழக்கம். பில் கைக்கு வந்தால்தான் பார்ப்பார்.

பார்த்தார். பேனா அப்படியே நின்றது.

"என்னம்மா இது, புதன்கெழமை ராகு காலத்துல போய் பில்லு போட்டிருக்க. இத கேன்சல் பண்ணு. ஒன்றரைக்கு மேல புதுசா போட்டுக்கலாம்."

துர்கா நாள்காட்டியைப் பார்த்தாள். புதன், பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. நேற்று செவ்வாய், வட்டம் சுற்றியது மூன்று மணிக்கு. சனிக்கிழமை ஒன்பதுக்கு. எல்லாம் அந்தந்த நாள் ராகு காலம். பிரேசில்காரர் பாவம், அவருக்கு எப்படித் தெரியும்.

முதலாளி ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி கலியபெருமாளை டீ குடிக்க அனுப்பிவிட்டார். ஹாரன் ஓய்ந்தது. போன் அடித்தது. பெங்களூர் வியாபாரி. அவர் போட்ட சத்தம் துர்காவின் மேஜை வரை கேட்டது.

"என்ன பண்றது சார், எங்க சாஃப்ட்வேர் இன்னிக்கும் நின்னுபோச்சு," என்றார் தெய்வசிகாமணி, வெகு வருத்தமாக. "ஒன்றரைக்கு சரியாயிடும்."

போனை வைத்தார். பில்லை இரண்டாகக் கிழித்தார். கதவு வரை போனவர் திரும்பினார்.

"இதையே வச்சுக்கலாம்மா. காசு குடுத்து வாங்கினதுமேல இப்படிப் பழிபோட முடியாது பாரு."

அவர் போனதும் துர்கா சந்துரு-1ஐ எடுத்த இடத்திலேயே திரும்பச் செருகினாள். விளக்கத்தைத் திறந்து, அவன் 'ப்ளீஸ்' பக்கத்தில் இன்னொரு 'ப்ளீஸ்' சேர்த்தாள்.

பில் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அவளும் டீ குடிக்க எழுந்தாள்.