நாற்பது படங்கள்

"நான் படங்களைப் பிரிச்ச விதமும் உங்க பட்டியலும் ஒத்துப்போச்சு அண்ணே. நாப்பதுக்கு நாப்பது."

பேராசிரியைக்கு இருப்புக்கொள்ளவில்லை. கணினிக்கும் சன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஆய்வக உதவியாளர் கதவோரம் கையைப் பிசைந்தபடி நின்றார்.

"பதினோரு வருஷமா தொண்டை வறளக் கத்துறேன். வேர் செல்லுக்குள்ள போற சரக்கு மூட்டைக்கெல்லாம் வழிகாட்டுறது அந்த ஒரு புரதம்தான், அது இல்லாத செடியில சரக்கு ஓரத்துச் சவ்வுக்குப் போகாம நடுவழியில தேங்கிடும்னு. எவன் காதுல வாங்கினான்? இனிமே மூக்குல விரல் வைப்பானுங்க."

ஏற்பாடு இதுதான். சாதாரணச் செடியில் இருபது, புரதம் இல்லாத செடியில் இருபது என்று உதவியாளர் படமெடுத்து, வரிசையைக் கலைத்து, வெறும் எண்ணை மட்டும் போட்டுக் கொடுக்க வேண்டும். எது எந்தச் செடி என்ற பட்டியல், பிரித்து முடியும்வரை உதவியாளரிடமே இருக்கும். அதைப் பார்க்காமல், சரக்கு எங்கே நிற்கிறது என்பதை வைத்தே பேராசிரியை படங்களைப் பிரிக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிடக் கூடாது அல்லவா?

"அஞ்சு நிமிஷத்துல கட்டுரையை அனுப்பிடுவேன். மூணாவது பேரு உங்களோடது. அண்ணிகிட்டச் சொல்லுங்க."

உதவியாளருக்குக் காது மடல் சுட்டது. தன் பேர் அச்சில் வருமென்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. இப்போது அதைக் கேட்கவே கூசியது. நாளைக்கு எவனாவது செய்துபார்த்துப் பொய் என்று சொன்னால், நாறப்போவது இந்த அம்மாவின் பேர்.

"அனுப்பாதீங்க மேடம்."

"ஏன்?"

"நீங்க ஊருக்குப் போயிருந்தப்போ, புரதம் இல்லாத செடித் தட்டுக்கு மட்டும் தண்ணி விட மறந்துட்டேன். மொத்தமும் கருகிடுச்சு. வெட்கத்துல சொல்ல வாய் வரலை. நாப்பது படமும் சாதாரணச் செடியிலயே எடுத்தேன். பட்டியல்ல வாய்க்கு வந்தபடி இருபது இருபதுன்னு எழுதிட்டேன். வித்தியாசமே இல்லைன்னு நீங்களே விட்டுடுவீங்கன்னு நினைச்சேன்."

குனிந்த தலையோடு வசவுக்குக் காத்திருந்தார். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். பேராசிரியையின் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தப் பட்டியலை," என்றார் பேராசிரியை, சுவரைப் பார்த்தபடி, "நான் பிரிக்கிறதுக்கு முன்னாடி நீங்க மேசைமேல விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது அண்ணே."