கிழக்கே ஒரு சூளை

"உங்க அண்ணன் குடும்பத்தோட ஊரை விட்டே பஸ் ஏறிட்டாராமே மேடம்?"

வாட்ச்மேன் கேட்டதும் அவள் தூசி அளக்கும் மெஷினிலிருந்து உருவிய வடிதாளைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். தாள் கரியாய்க் கறுத்திருந்தது.

"ஆமாங்க ஐயா. காலையிலேயே."

"கூடப் பொறந்தவர். ஒரு வார்த்தை பேசி வழியனுப்பியிருக்கலாம்."

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது? அவர் சூளையை மூட வச்சதே நான்தானே."

காற்றில் எவ்வளவு தூசி, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் உத்தியோகம். தண்ணீர்த் தொட்டி வளாகத்தில் நிற்கும் இந்த மெஷினில் தினமும் சாயங்காலம் தூசி எகிறியது. காற்று கிழக்கிலிருந்து வீசியது. கிழக்கே புகைபோக்கி என்று இருந்தது அண்ணனின் செங்கல் சூளை ஒன்றுதான்.

"என் புகை அந்தப் பக்கமே வரல பாப்பா" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். அண்ணன் என்று பார்த்தால் வாங்குகிற சம்பளத்துக்குத் துரோகம் என்று நினைத்தாள். அறிக்கை போனது, சூளைக்குப் பூட்டு விழுந்தது. அத்தோடு அவன் பேச்சையும் நிறுத்திவிட்டான்.

புதுத் தாளைச் செருகிவிட்டுத் திரையைப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலமும் தூசி அதே அளவுக்கு ஏறியிருந்தது.

"சூளை அணைஞ்சு ஒரு மாசமாச்சு. இம்மியும் குறையலையே. பக்கத்து ஊர்ல வயலை ஏதும் கொளுத்துறாங்களா ஐயா?"

"அந்த ஊர்க் கதையெல்லாம் எனக்கெங்க தெரியும்? நான் இந்த கேட்டைத் தாண்டுறதே இல்லையே."

அவள் பெருமூச்சு விட்டாள். அண்ணன் போனது போனதுதான். எப்போதும்போல் வளாகம் துடைத்து வைத்த கண்ணாடியாய் இருந்தது. மெஷினை ஒட்டி ரோஜாச் செடிகள் பூத்துக் குலுங்கின. பேச்சை மாற்ற அவளுக்கு அதுதான் கிடைத்தது.

"செடிக்கு என்ன போடுறீங்க? இப்படிப் பூத்திருக்கு."

வாட்ச்மேனுக்கு வாயெல்லாம் பல்.

"வெறும் சாம்பல்தான் மேடம்."

"சாம்பலா? அது ஏது?"

"தினம் சாயங்காலம் பெருக்கி, இங்கயே மெஷினுக்குப் பின்னால குவிச்சுக் கொளுத்திடுவேன். நீங்க காலையில வர்றதுக்குள்ள சாம்பலை அள்ளிச் செடிக்குப் போட்டுடுவேன். நீங்கதானே மேடம் முதல் நாளே சொன்னீங்க, மெஷினைச் சுத்தி ஒரு சருகுகூடக் கிடக்கக் கூடாதுன்னு?"