கேள்விக்குறி போடாதவன்

“பையன் படிச்சுத் தேறல. குருட்டாம்போக்குல தேறியிருக்கான்” என்றார் பேராசிரியர் ரூலோஃப், சீஸ் வைத்த ரொட்டியை மென்றுகொண்டே.

தேர்வுக் குழு இந்த விவகாரத்தைச் சாப்பாட்டு நேரத்தில்தான் எடுத்திருந்தது. ஒரு பையனின் தலையெழுத்தை ரொட்டித் துணுக்கோடு சேர்த்துத் துடைத்துவிடலாம் என்ற நினைப்பு போலும்! எங்கள் டச்சுக்காரர்களுக்கு மதியம் ரொட்டியும் வேண்டும், கூட்டமும் வேண்டும்.

பையன் பெயர் யெல்மர். முதலாண்டு மாணவன். ரூலோஃபின் புள்ளியியல் தேர்வில் பத்துக்குச் சரியாக ஐந்தரை வாங்கியிருந்தான். ஐந்தரை இருந்தால் தேர்ச்சி. இந்த ஒரு பாடம் போனாலும் படிப்பை விட்டே அனுப்பிவிடுவார்கள்; முதலாண்டில் போதுமான பாடங்கள் தேறாதவனுக்கு இரண்டாம் ஆண்டு கிடையாது. அவன் வெளியே பெஞ்சில் காத்திருந்தான்.

“என் தேர்வுல நாலு விடையோட ஒரு கேள்விக்குறிக் கட்டமும் இருக்கு. தெரியலைன்னா அதுல கோடு போடணும், ஊகிக்கக் கூடாது. அதுதான் விதி” என்றார் ரூலோஃப். “இவன் ஒரு கேள்விக்குக்கூட அதைப் போடல. கஷ்டமான கேள்வியெல்லாம் சரி, சுலபமானதெல்லாம் தப்பு. தெரிஞ்சு போட்டவனையும் ஊகிச்சவனையும் பிரிச்சுக் காட்டற கணக்கு மாடல்ல போட்டுப் பார்த்தேன். ஊகம்னுதான் சொல்லுது.”

“சொல்லாது!”

மேசை அதிர எழுந்தவள் வீட்ஸ்கே. ரூலோஃபிடமே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவள். யெல்மரின் வகுப்புக்கு உதவி ஆசிரியை; அவனுக்காகப் பேச வந்திருந்தாள். இங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். சண்டை போட அது ரொம்ப வசதி.

“ரூலோஃப், அதே விடைத்தாளை நான் ரெண்டு விதமா கணக்குப் போட்டேன். ஒண்ணுல யெல்மர் நல்லாப் படிச்சவன், ஊகம் பலிக்கறது கஷ்டம்னு வெச்சேன். இன்னொண்ணுல அவன் அரைகுறை, ஊகம் சுலபமா பலிக்கும்னு வெச்சேன். ரெண்டுக்கும் வர்ற மார்க் ஒண்ணேதான், துளி பிசகல. எது நிஜம்னு எப்படிச் சொல்வீங்க?”

“இன்னும் நிறையப் பேர் எழுதினா...”

“ஊரே எழுதினாலும் தெரியாது! ஆள் போதாததால வர்ற குழப்பமா இது? உங்க மாடலே அப்படி.”

குழுத் தலைவி டீனெகே மோர்க் குவளையைக் கீழே வைத்தார். சட்டப் பேராசிரியை. கணக்கென்றால் தலை சுற்றும்.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா.”

“ஒருத்தன் சொட்டச் சொட்ட நனைஞ்சு வர்றான். மழையில நனைஞ்சானா, சைக்கிளோட கால்வாய்ல விழுந்தானா?”

“சட்டையைப் பிழிஞ்சு பார்த்தா?”

“எத்தனை தடவை பிழிஞ்சாலும் தண்ணிதான் வரும், டீனெகே.”

“பாசி ஒட்டியிருக்கான்னு பார்க்கலாமே” என்றார் ரூலோஃப்.

“விடைத்தாள்ல பாசி ஒட்டாது!”

டீனெகே சிரித்துவிட்டார். வீட்ஸ்கே சிரிக்கவில்லை.

“நிரூபிக்க முடியாத குத்தத்துக்கு ஒருத்தன் படிப்பைப் பறிக்கறது அநியாயம். நாம மார்க் போடறோமா, ஜோசியம் பார்க்கறோமா?”

அவள் குரல் வெளியே பெஞ்சு வரை கேட்டிருக்கும். ரூலோஃப் ரொட்டியை இன்னொரு கடி கடித்தார். டீனெகே முடிவைச் சொன்னார்: ஐந்தரை நிற்கும்.

யெல்மரை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். குனிந்து நுழைந்தவன் அப்புறமும் நிமிரவில்லை.

“தேறிட்டே. வாழ்த்துகள்” என்றார் டீனெகே.

“நன்றி” என்றான். ஆனால் போகவில்லை. “ஒண்ணு சொல்லலாமா?”

“வேணாம்” என்றாள் வீட்ஸ்கே, சட்டென்று.

“கடைசிப் பக்கத்துக் கேள்வி எதையும் நான் படிக்கவே இல்ல. நேரம் போயிடுச்சு. பூரா இங்கி பிங்கி பாங்கிதான். வெளியில உக்காந்திருந்தேனா... நீங்க எனக்காகக் கத்தினது கேட்டுச்சு. வெக்கமா இருந்துச்சு. அதான்.”

வீட்ஸ்கே அவன் பக்கம் திரும்பினாள்.

“டேய்! உனக்கு அறிவிருக்கா?” வீட்ஸ்கேயின் முகம் சிவந்துவிட்டது. “உன் விடைத்தாளை வெச்சு ஒரு கட்டுரையே எழுதி அனுப்பிட்டேன்டா! ‘இந்த மாணவன் ஊகித்தானா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது’ன்னு அடிச்சு எழுதியிருக்கேன்!”

“நான் சொல்லிட்டேனே...” என்றான் யெல்மர், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

“டீனெகே, ஃபெயில் போடுங்க! இப்போ அவனே ஒத்துக்கிட்டான். விதின்னா விதி.”

“ஒருத்தன் படிப்பைப் பறிக்கறது அநியாயம்னு இப்பத்தானே...” என்று இழுத்தார் டீனெகே.

“அது வேற, இது வேற!”

டீனெகே பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். “ரூலோஃப், புகார் உங்களோடது. நீங்க ஜெயிச்சுட்டீங்க. ஐந்தரையை அடிச்சுடட்டுமா?”

யெல்மர் கண்ணை மூடிக்கொண்டான்.

ரூலோஃப் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, அவனை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

“வேணாம். படிப்பே போகும்னு தெரிஞ்சும் வாயைத் திறந்திருக்கான். இவன் எனக்குச் சொன்ன விடைகள்லயே, ஊகம் இல்லைன்னு நான் சத்தியம் பண்ணக்கூடியது இது ஒண்ணுதான். ஐந்தரை நிக்கட்டும்.”