கூப்பிடு தூரம்

பாறைத் திட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து பெரியவர் எதிர்ப்பக்கப் பாறைச் சுவரில் இருந்த கழுகுக் கூட்டை ரசித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ரசிக்கிறார். கூட்டில் கழுகு கிடையாது. போன வருஷமே காலி செய்துகொண்டு போய்விட்டது.

அவருக்கு மேலே, மழைநீர் ஓடி ஓடி வழுவழுத்துப்போன சரிவு. அதில் சறுக்கி வரலாம், திரும்ப ஏற முடியாது. கீழே செங்குத்தான பாறை, அதன் அடியில் ஆறு. கையில் கயிறு இருந்தால் இறங்குவது பெரியவருக்கு மாடிப்படி மாதிரிதான்.

அந்தக் கயிறுதான் ஆற்றோடு போய்விட்டது. மேலே மாட்டி இறங்கிய கயிற்றை உருவி எடுப்பதற்கு முன், ஒரு நுனியைத் திட்டில் இருக்கும் இரும்பு வளையத்தில் கட்டிவிட வேண்டும். மலையேறப் பழக வருகிறவர்களுக்கு அவர் முதல் பாடமாகச் சொல்லித்தருவது அது. இன்று அவரே கட்டவில்லை.

கூப்பிடு தூரத்தில், ஆற்று மணலில் கூடாரங்கள் தெரிந்தன. ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் அத்தனையும் கரை வீட்டார் அழைத்துவந்த பயணிகளின் கூடாரங்கள்.

அந்த மலையில் வழிகாட்டிக் குடும்பங்கள் இரண்டு. கரை வீட்டார் எப்படியோ போகட்டும். மேட்டு வீட்டார் கயிறில்லாமல் மலையில் கால் வைக்க மாட்டார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொல்லவைத்தவரே மேட்டு வீட்டுப் பெரியவர்தான்.

அதனால் போட்டிருந்த கோட்டைக் கழற்றிக் கயிறு வைக்கும் பைக்குள் திணித்து, பை புடைப்பாகத் தெரியும்படி பக்கத்தில் வைத்துக்கொண்டார். பயணிகள் கீழேயிருந்து கையசைத்தபோது, மாளிகை உப்பரிகையில் நிற்பவர்போல் பதிலுக்குக் கையசைத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் மேலேயிருந்து சிறு கற்கள் உருண்டன. அவற்றின் பின்னாலேயே ஓர் இளைஞன் சறுக்கிக்கொண்டு வந்து விழுந்தான். தோளில் ஒரு பை. கரை வீட்டு மகன்; பெரியவரின் பெண்ணைக் கேட்டு வந்து வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவன்.

"நல்லவேளை மாமா, நீங்க இருக்கீங்க!"

"யாருக்கு யாருடா மாமா?"

"சரிங்க ஐயா."

"இங்க என்ன வேலை உனக்கு?"

"கூடாரத்துக்கு விறகு பொறுக்க மேல வந்தேங்க. சுத்திப் போனா நேரமாகும். உங்களைப் பார்த்தேன், சேர்ந்து இறங்கிடலாம்னு..."

விறகாம்! பெரியவருக்குச் சுருக்கென்றது. காப்பாற்ற வந்தேன் என்று வாய்விட்டுச் சொல்லாமல் நாசூக்காகப் பேசுகிறான் பயல். அந்த நாசூக்குதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நான் கழுகு பார்த்துட்டிருக்கேன்."

"எங்கங்க?"

"வரும்."

இருவரும் காலிக் கூட்டைப் பார்த்தார்கள்.

"இருட்டிடும்போல இருக்குங்களே."

"இருட்டட்டும்."

"வெறும் சட்டையோட இருக்கீங்க. குளிரலையா?"

"மேட்டு வீட்டு ஆளுங்களுக்குக் குளிராது." சொல்லும்போதே பற்கள் தந்தியடித்தன.

இளைஞன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஐயா, வீட்டுக்கு வந்தா உள்ள விட மாட்டேங்கறீங்க. இங்கயாவது காது குடுத்துக் கேளுங்க. உங்க பொண்ணைக் கண் கலங்காம வெச்சுக்குவேன்."

"ஓகோ! இதுக்குத்தான் இறங்கி வந்தியா?"

"இதுக்குந்தாங்க."

"முடியாதுன்னு சொன்னா?"

"என்ன பண்றதுங்க? நீங்க மனசு இறங்கற வரைக்கும் இப்படியே பக்கத்துல உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்."

மிரட்டலைக்கூட எவ்வளவு பணிவாகச் செய்கிறான் என்று பெரியவர் நினைத்துக்கொண்டார். கீழே கூடாரங்களில் விளக்குகள் எரியத் தொடங்கின. யாரோ ஒரு பெண்மணி தொலைநோக்கியைத் திட்டின் பக்கம் திருப்பினார். பெரியவர் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார்.

யோசித்துப் பார்த்தார். கரை வீட்டான் ஒருவன் தன்னைக் கயிற்றில் கட்டி இறக்கினால், மேட்டு வீட்டு மானம் ஆற்றில் போனது போனதுதான். அதையே மருமகன் செய்தால்? மாமனாருக்கு மருமகன் கயிறு பிடிப்பது உதவியே அல்ல, முறை. குடும்ப விஷயம். அதில் மூக்கை நுழைக்க எவனுக்கும் உரிமை இல்லை.

"உங்கப்பனுக்கு ஒழுங்கா ஒரு முடிச்சுப் போடத் தெரியாது," என்றார்.

"தெரியாதுங்க."

"உங்க வீட்டுல எவனுக்குமே தெரியாது."

"உங்ககிட்டதாங்க கத்துக்கணும்."

"அதெல்லாம் தெரிஞ்சேதான் பொண்ணைக் குடுக்கறேன். நாளைக்கு மாத்திப் பேசற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது."

இளைஞன் துள்ளி எழப்போய், திட்டு குறுகல் என்பது நினைவுக்கு வந்து, உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பெரியவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கீழே கூடியிருந்தவர்களை நோக்கி நிதானமாக ஒரு தடவை கையசைத்துவிட்டுத் திரும்பினார்.

"சரிங்க மாப்பிள்ளை, கயித்தை எடுங்க."

"உங்ககிட்ட இருக்கும்னு நம்பித்தானே மாமா நான் இறங்கி வந்தேன்!"