தமிழில் எடுத்த படம்

ஒரகடம் தொழிற்சாலையில் ஜோதிக்கும் கவிப்பிரியாவுக்கும் அன்றுதான் முதல் நாள். காலையில் பயிற்சி அறையில் இரண்டு பாதுகாப்புப் படங்கள் போட்டார்கள். ஒன்று கொரியப் படம், இன்னொன்று தமிழ். இரண்டைப் பற்றியும் நான்கு வரி எழுதிக் கொடுத்தால்தான் வேலை உறுதி.

கேன்டீனில் கவிப்பிரியா சாப்பிட்டபடியே எழுதி முடித்துவிட்டாள்.

“கொரியன் படம் சூப்பர்க்கா. மெஷின்ல மாட்டுனதும் அந்தாளு இன்னா கத்து கத்துறான். தமிழ்ல அதையே எடுத்து சொதப்பிட்டாங்க. சத்தமே இல்ல, மூஞ்சியக்கூடக் காட்டல. தொப்புனு வுழுறான், அவ்ளோதான். நடிக்கவே தெரியல.”

ஜோதியின் தாள் வெறுமையாக இருந்தது.

“அது நடிப்பு இல்லம்மா. கம்பெனி கேமராவுல பதிவானது. போன ஆடி மாசம்.”

“உங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?”

“அவரு வேலையத்தான் எனக்குக் குடுத்துருக்காங்க.”

கவிப்பிரியாவின் கை சோற்றிலேயே நின்றது.

காலையில் படம் ஓடியபோது, ஒருமுறையாவது கணவர் கேமரா பக்கம் திரும்புவார் என்று ஜோதி கடைசிவரை காத்திருந்தாள். அவர் திரும்பவில்லை.

மணி அடித்தது. ஜோதி கவிப்பிரியாவின் பேனாவை வாங்கி, ‘தமிழ்ப் படம் நன்றாகப் புரிந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.